பெரியப்பா வீட்டுத் தொழுவமும் என் ஃபயர்வாலும்

கோம்பையில் எங்கள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலையைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைப்பதாக இருந்தது. ஒரே ஒரு பாதுகாப்புச் சோதனை பாக்கி. அதில் தேறாவிட்டால் மறுபடியும் ஹாஸ்டல், மறுபடியும் அந்தச் சாம்பார்.

எனக்குப் பயமே இல்லை. மோடத்தில் ஃபயர்வாலை நானே போட்டிருந்தேன். வெளியிலிருந்து ஒரு ஈ உள்ளே வராது என்று அப்பாவிடம் பீற்றியும் வைத்திருந்தேன்.

வீடியோவில் வந்த பாதுகாப்பு அதிகாரி, என் திரையைப் பகிரச் சொல்லி, ஒரு சோதனைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அந்தப் பக்கம் வெளியிலிருந்து தட்டவே இல்லை. என் பிரவுசரிடமே, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. ஃபயர்வால் வாசலைக் காத்துக்கொண்டிருக்க, வீட்டுக்குள் இருந்த பிரவுசர் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொடுத்தது. ஒரு டிவி. இன்னொரு டிவி. பிரிண்டர். கேமரா.

"மேடம், இது வீடா, லாட்ஜா?" என்றார் அதிகாரி.

என்ன சொல்வது? பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. நடுச்சுவர் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு வீடும் வருஷக்கணக்காகப் பேசாமல் கிடந்தன. போன வருஷம்தான் அந்தச் சுவர்மேல் ஒரு வயரை இழுத்து எங்கள் இணையத்தை அவர்களுக்கும் கொடுத்தோம். அதன் பிறகு பேச்சு வந்தது, குழம்பும் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் திரையில் கேமராவின் படமே விரிந்தது. தொழுவத்தில் பனியனோடு பெரியப்பா, எதையோ திட்டியபடி பால் கறந்துகொண்டிருந்தார்.

"அந்த வயரைக் கழட்டிருங்க மேடம்."

அம்மா கொதித்துவிட்டாள். "கழட்டிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அக்காகிட்ட பேசுறது? இப்பத்தான் அவுக வந்து போறாக!"

வேறு வழியின்றி எனக்கு மட்டும் தனியாக ஒரு புது இணைப்பு வாங்கினேன். மறுசோதனையில் அந்தச் சோதனைப் பக்கம் எவ்வளவு துருவியும் என் லேப்டாப்பைத் தவிர எதுவும் அகப்படவில்லை. "பாஸ், மேடம்" என்று சிரித்தார் அதிகாரி. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள். "ஏத்தா! அந்தப் புது வைஃபைக்கு என்னத்தா பாஸ்வேர்டு? பழசுல படம் சுத்திக்கிட்டே நிக்கிது!"

நான் டைப் செய்தபோது அம்மா பின்னால் நின்று பார்த்திருப்பாள் போல. மைக்கை அணைக்க நான் பாய்வதற்குள் அடுப்படியிலிருந்து எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "நடுவுல ஒரு சுழிச்ச ஏ வரும்க்கா!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அனுமதி தர்றேன் மேடம். பாஸ்வேர்டை உடனே மாத்துங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

அன்றைக்கே மாற்றினேன். இப்போது இரண்டு வீடும் ஒற்றுமையாக என்னோடு பேசுவதில்லை.