அம்மாக்களின் பெஞ்சு

பாலே ஆசிரியைக்கான பயிற்சியிலிருந்து என் மகளை நீக்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. கடிதம் வந்த அன்று அவள் அதை ஒரே ஒரு முறை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். நான்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பயிற்சி ஆசிரியை ஒருவர் ஒரு சிறுமியின் உடம்பைப் பலவந்தமாக அமுக்கியதால் காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தார்கள். பொய் எதுவும் இல்லை. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நாங்கள் பினாங்குத் தீவில், பாயான் பாருவில் இருக்கிறோம். எனக்கு இங்கேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கணவருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில். ஒரே பிள்ளை. ஆறு வயதில், பக்கத்து வீட்டுத் தோழி போகிறாள் என்று இவளும் அடம்பிடித்ததால், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்துவந்த நடனப் பள்ளியில் சேர்த்தோம். கணவரின் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“ஏன், நம்ம பரதம் இல்லையா? இந்தப் பாலே கீலேயெல்லாம் எதுக்கு? காலத் தூக்கித் தூக்கி ஆடினா நாளைக்கு எவன் கட்டுவான்?”

“நீ பரதம் ஆடியா அத்தானக் கட்டின? சும்மா இரு லா, அக்கா,” என்றார் என் கணவர். பேச்சு அதோடு முடிந்தது.

பள்ளியை நடத்தியவர் ஒரு சீனப் பெண்மணி. எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சேர்த்த அன்றே, எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து ஆங்கிலத்தில் ஒன்றைச் சொன்னார். வீட்டில் பிள்ளைகளின் கையையோ காலையோ இழுத்து வளைக்க வேண்டாம், அதை எங்களிடம் விட்டுவிடுங்கள். நாங்கள் தலையாட்டினோம்.

வகுப்பறைக் கதவின் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருக்கும். உள்ளே பார்க்க முடியாது. பியானோ ஒலியும் மிஸ் கைதட்டி எண்ணுவதும் மட்டும் கேட்கும். வெளியே நடையில் நீளமான மரப் பெஞ்சு. அதில்தான் அம்மாக்கள் உட்காருவோம். பதினான்கு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். சுருள்முடியைக் கொண்டையாக அடக்குவது, காலணியின் ரிப்பனை அறுந்துபோகாமல் தைப்பது, தேர்வாளர் வரும் காலையில் பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். மிஸ் சொல்லாததைப் பெஞ்சு சொல்லும்.

ஸ்பிளிட் விஷயமும் பெஞ்சில் கிடைத்ததுதான். ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டித் தரையோடு தரையாக இறங்குவதை ஸ்பிளிட் என்பார்கள். என் மகளுக்கு எட்டு வயதாகியும் இடுப்பு தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டிருந்தது. மூத்த மாணவி ஒருத்தியின் அம்மா என் காதருகே குனிந்து வழி சொல்லிக் கொடுத்தாள். பிள்ளையை ஸ்பிளிட்டில் உட்காரவை, பின்னால் மண்டியிட்டு இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்து அமுக்கு, அழுதாலும் எடுக்காதே, நூறு வரை எண்ணு.

அன்றிலிருந்து தினமும் மாலையில், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, நான் எண்ணினேன். அவள் விரிப்பின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். “வேகமா எண்ணுங்கம்மா, ஏமாத்தாதீங்க,” என்பாள். எழுபதுக்கு மேல் நான் மெதுவாக எண்ணுவேன் என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து மாதத்தில் தரை தொட்டுவிட்டது. அந்த ஆண்டுவிழாவில் அவளை முன்வரிசையில் நிற்க வைத்தார் மிஸ். வீட்டிலும் நன்றாகப் பயிற்சி செய்கிறாள் என்று என்னிடம் பாராட்டினார். நான் சிரித்துக்கொண்டேன்.

பாலே தேர்வில் ஸ்பிளிட்டைக் கேட்கவே மாட்டார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பினாங்கில் பாலேயைக் கடைசி வரை படித்தவர்களுக்கு ஆடிப் பிழைக்க மேடை கிடையாது. வெளிநாடு போகிற அளவுக்கு உடம்பும் வசதியும் வாய்த்தவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு இருப்பது வகுப்பறை. என் மகளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக் கால்விரலை நீட்டி மடக்கச் சொல்வதில் அவளுக்கு உண்மையான சந்தோஷம் இருந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்ததும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று அஞ்சல் வழியாக நடத்தும் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். மிஸ்தான் அவளுக்கு வழிகாட்டி. பாலேயோடு நவீன நடனமும் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னாலேயே திட்டம் எழுதுவாள். வகுப்பு முடிந்ததும் எங்கே தவறினாள் என்று ஒரு நோட்டில் குறிப்பாள். எலும்பும் தசையும் வளரும் விதத்தைப் படித்துத் தேர்வு எழுதினாள். மாணவர்களின் பாதுகாப்பைப் பேணிக் கற்பித்தாள் என்று பருவம்தோறும் மிஸ் கையெழுத்திட்டு அனுப்புவார்.

ஒரு மாலை அந்த எலும்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, இதப் படிங்க. வளர்ற பிள்ளைங்கள அமுக்கவே கூடாதாம். நீங்க என்னை என்ன பாடு படுத்தியிருக்கீங்க!”

“உனக்கு என்ன ஆச்சு இப்ப? கை கால் நல்லாத்தானே இருக்கு?”

“அதுவும் சரிதான்,” என்று சிரித்தாள்.

என் வேலையில் முதலில் கற்றுக்கொடுத்ததே இதுதான்: ஒரு பாகம் சோதனையில் தப்பித்துவிட்டதால் அது செய்யப்பட்ட முறை சரியென்று ஆகிவிடாது. இருபது வருடமாகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். என் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு அது தோன்றவில்லை.

அவள் வகுப்பெடுக்கத் தொடங்கிய பிறகும் சனிக்கிழமைகளில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். திரும்பி வராமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இப்போது ஆசிரியையின் அம்மா என்ற மரியாதை வேறு. தாசேக் கெலுகோரிலிருந்து பாலம் தாண்டி ஒரு தமிழ்ப் பெண் தன் மகளை அழைத்து வருவாள். பிள்ளைக்குப் பதினோரு வயது. “நம்ம புள்ள ஒண்ணு டீச்சரா நிக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான்கா இங்க சேர்த்தேன்,” என்று முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்று பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆண்டுவிழாவுக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது கேட்டாள்.

“அக்கா, உங்க மக எப்படிக்கா அவ்வளவு சுலபமா இறங்குறா? எங்க பிள்ள பாதியிலயே நிக்குது. முன்வரிசைக்கு இவள எங்க எடுக்கப் போறாங்க.”

“சும்மா வருமா? தினம் உக்காந்து அமுக்கினேன்லா. நூறு எண்ணுவேன்.”

“அழமாட்டாளா?”

“அழுவா. எழுந்ததும் ஐஸ்கிரீம் கேப்பா.”

“ஐயோ, எனக்கு மனசு வராதுக்கா. கை நடுங்கும்.”

“பெத்த கை நடுங்கத்தான் செய்யும். டீச்சர் கை நடுங்காது.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து என் மகள் கதவைத் திறந்ததும் அவள் எழுந்து போனாள்.

“டீச்சர், உங்க அம்மா உங்களுக்குச் செஞ்ச மாதிரி இவளுக்கும் ஒரு தடவ செஞ்சு விடுங்களேன்.”

“மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க, ஆண்ட்டி.”

“மிஸ் பெரிய பிள்ளைங்களோட அந்த ரூம்லதானே இருக்காங்க. ஒரே தடவ.”

என் மகள் என்னைப் பார்த்தாள். இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், வேறு எப்படியும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவள் எண்ணுவது கேட்டது. வகுப்பில் எப்போதும் ஆங்கிலத்தில்தான் எண்ணுவாள். அன்று தமிழில் எண்ணினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று வந்தபோது அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, பரவாயில்லையே, அழவில்லையே என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். அதன்பின் இரண்டு மூன்று எண்கள்தான். பிள்ளை கத்தினாள். பிரசவ அறைக்கு வெளியே நின்றபோதுகூட நான் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

உள்ளே ஓடினோம். என் மகள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். யாரும் தொடவேண்டாம் என்று அலறினாள். பக்கத்து அறையிலிருந்து வந்த மிஸ் பார்த்த உடனேயே புரிந்துகொண்டார். தரையில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார்.

தொடையின் பின்தசை, உட்காரும் எலும்பில் வந்து சேரும் இடம் இந்த வயதில் முழுதாக இறுகியிருக்காது என்றார் மருத்துவர். தசை இழுத்த இழுப்பில் எலும்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் ஊன்றுகோல். மறுபடி ஆட முடியுமா என்றால் இப்போது சொல்ல முடியாது.

சில நாள் கழித்து மிஸ் எங்களைத் தம் சிறிய அலுவலறைக்கு அழைத்தார். அந்தப் பெண், என் மகள், நான். மிஸ் குரலை உயர்த்தவேயில்லை. யார் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டார்.

“யாரும் சொல்லல, மிஸ். நானாத்தான் செஞ்சேன்,” என்றாள் என் மகள்.

அந்தப் பெண் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பழைய ஆண்டுவிழாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். “நான்தான் சொன்னேன்” என்பதற்கு இரண்டு சொல். அதைச் சொன்னால் அந்தப் பெண் கேட்டதும் வெளிவரும், பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல் இருப்பவளை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் தேடிக்கொண்டேன். என் பதினான்கு வருட மரியாதை போய்விடும் என்பதுதான் உண்மைக் காரணம். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மிஸ் அந்தப் பருவக் கையெழுத்தைப் போடவில்லை. நடந்ததை அந்த வெளிநாட்டு அமைப்புக்கு எழுதி அனுப்பினார். கடிதம் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து வேண்டுமானால் முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம், அப்போதும் இது பரிசீலிக்கப்படும் என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

கடிதம் வந்து மூன்றாவது வாரம் நான் தனியாக மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, நூறு, தலையசைப்பு வரைக்கும். சின்னப் பிள்ளைகளின் வருகைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டவர், நான் முடித்ததும் பேனாவை மூடி வைத்தார். எனக்குத் தெரியும் என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து மாதத்தில் தானாக இறங்காது. அப்போதே கேட்டிருக்க வேண்டும். பிள்ளை அழகாக ஆடினாள், நான் கேட்கவில்லை என்றார். பிறகு இதையும் சொன்னார்: “நீங்கள் சொன்னதை அந்த அமைப்புக்கு எழுத முடியும். பயன் இருக்காது. யார் சொன்னாலும் வேண்டாம் என்று மறுக்கத்தானே ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கிறோம்.”

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அப்போதுதான் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் விற்பனை வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. சந்தோஷப்படுவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எதுக்குமா போனீங்க?”

“உண்மையச் சொல்லணும்ல.”

“அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருந்தா எனக்காகச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். இது உங்களுக்காக.”

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள்.

“உங்கள மாட்டிவிடக் கூடாதுன்னு நான் அப்படிச் சொல்லலமா. என் கையதான் யாரும் புடிச்சு அமுக்க வைக்கலியே. அந்தப் புத்தகத்த உங்களுக்குப் படிச்சுக் காட்டினதே நான்தானே.”

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

போன மாதம் அந்தப் பெண்ணே எனக்குப் போன் செய்தாள். முதலில் எதையெதையோ பேசினாள். பிள்ளை ஊன்றுகோலை எப்போதோ விட்டுவிட்டாளாம், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளாம். நடனம் வேண்டாம் என்கிறாளாம். “நானும் அன்னிக்கு வாயத் திறக்கலக்கா,” என்றாள் கடைசியில். நானும்தான் என்றேன்.

மகள் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன், பிள்ளை நன்றாக நடக்கிறாளாம் என்று. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“படி ஏறும்போது எந்தக் கால முதல்ல வெக்கிறா? ரெண்டையும் மாத்தி மாத்தி வெக்கிறாளா, இல்ல நல்ல காலையே வெச்சு ஏறுறாளா? தரையில உக்காந்தா ஒரு பக்கமா சாயுறாளா?”

எனக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். பிறகு என்னிடம் அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டாள்.