மேலிடத்து அனுமதி

உள்ளே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து என்றால், கதவை உடைக்கப் போலீஸ்காரர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விதி அப்படித்தான் சொல்கிறது. பணியில் இருந்தவரை இதை வரி பிசகாமல் ஒப்பிப்பேன்.

தாராவியில் ஒருமுறை அதன்படியே கதவை உடைத்து ஒரு பெண்ணை வெளியே தூக்கி வந்தேன். அவள் பிழைத்தாள், எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியை ஏன் கேட்கவில்லை என்று விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. என் பதவி உயர்வும் அதோடு நின்றது.

மறு வருடம் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், உள்ளே தாழிட்ட வீட்டில் ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். அவருடைய தம்பி மாரியப்பன் கடப்பாரையோடு வாசலில் நின்றார்.

"அண்ணன் முனகுதாரு சார். ஒரே நெம்புதான். என்னத்துக்கு யோசிக்கிய?"

"கை வைக்காதீங்க. மேல கேட்டிருக்கேன்."

"மேலன்னா யாருகிட்ட சார், எமன்கிட்டயா?"

என் கையிலிருந்த வயர்லெஸ் "தாம்பா, தாம்பா" என்று மராத்தியில் பொறுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் பொறுத்தேன். முனகல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும், கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுமதி அதற்குப் பிறகு வந்தது. மாரியப்பன் ஒரே நெம்பில் கதவைத் திறந்தார்.

விசாரணையில் என்மேல் தவறில்லை என்றார்கள். அதை மாரியப்பனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தெருப் பக்கம் போனதில்லை.

பழைய மெமோவுக்கும் ஒருவழியாகப் பதில் வந்தது: கதவை உடைத்தது சரியே, விளக்கம் ஏற்கப்பட்டது. அது என் மேஜைக்கு வந்த அன்றைக்கு, அந்தப் பெரியவருக்குப் பதினாறாம் நாள்.