பிச்சையம்மாளும் மலையாண்டியின் போகிச் சுத்தமும்

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 'பிச்சையம்மாள் சிஸ்டம்ஸ்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள், நாற்காலியில் இருக்கும் நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணிடமே, "மெக்கானிக் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "சாப்பிடப் போயிருக்காரு, உக்காருங்க" என்பாள் பிச்சையம்மாள். பிறகு அவர்கள் எதிரிலேயே டப்பாவைத் திறந்து தயிர்சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, "வந்துட்டாரு, சொல்லுங்க" என்பாள். பதினாறு வருஷமாக இந்தக் குறும்புதான் கடைக்கு விளம்பரம். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, இந்தத் தை மாதம் வரைக்கும்.

போகிக்கு முந்தின நாள், கடைவீதியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் மலையாண்டிக்குக் கீபோர்டு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். பொங்கல் முடிந்து அவர் கடையைத் திறந்தால் அச்சு மென்பொருள் எழுந்திருக்கவே இல்லை. அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவப் பார்த்தார். பாதி தூரம் ஓடிய பச்சைக் கோடு, டிஎல்எல் என்கிற ஏதோ ஒரு துணைக் கோப்பைக் காணோம் என்று கையை விரித்தது. மலையாண்டி நேரே உதயசூரியனின் டீக்கடைக்குப் போனார்.

"கடைசியா கை வச்சது அந்தப் பிச்சையம்மாதான். கீபோர்டு மாத்துறேன்னு வந்து, உள்ள இருந்த எதையோ உருவிட்டுப் போயிருச்சு."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ரொம்பத் தெரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். மறுநாள் பிச்சையம்மாள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் ஒருவர் வந்தார்; பழுதுக்குக் கொடுத்திருந்த லேப்டாப்பை, பழுதோடே இருக்கட்டும் என்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அவளுக்குக் கோபம் வந்தது. நம்பிக் கொடுக்கலாம் என்கிற பேரைத் தவிர அவளிடம் வேறு என்ன இருக்கிறது? அது போனால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

யாரும் கூப்பிடாமலே மலையாண்டி கடைக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, நான் உருவுனதை நானே வச்சுட்டுப் போறேன். கொஞ்சம் எந்திரிங்க."

வாசலில் ஒரு காதுகுத்துக் குடும்பம் பேனரில் போட வேண்டிய தாய்மாமன் படத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளாக அலைந்துகொண்டிருந்தது. மலையாண்டி எழுந்தார்.

பிழைச் செய்தியைப் படித்ததுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மென்பொருள் பலவும் விசேஷ வீட்டுச் சமையல்காரர் மாதிரி, கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வரும். அண்டாவும் கடாயும் ஊர்ப் பொதுவில் இருக்கும் என்று நம்பிக்கை. அப்படிக் கணினியில் பொதுப் பாத்திரமாக இருக்க வேண்டிய விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்புகளில் ஆறைக் காணோம். மலையாண்டி இதற்குள் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் இறக்கிப் போட்டிருந்தார். அதனால் வேலை நடக்கவில்லை, சூதாட்ட விளம்பரம்தான் வந்துகொண்டிருந்தது.

அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தொகுப்பைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே, காணாமல்போன கோப்பு அடங்கிய 2013ஆம் ஆண்டுத் தொகுப்பை இறக்கி ஏற்றினாள். மறுபடியும் அதே பிழை. மலையாண்டி இருமினார். அந்த இருமலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அப்புறம்தான் கவனித்தாள்: கணினி 64 பிட் வகை, அவள் ஏற்றியதும் 64 பிட், அச்சு மென்பொருளோ பழைய 32 பிட் வகை. அதற்கு உரியதை ஏற்றினாள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது. மற்ற தொகுப்புகளையும் வரிசையாக ஏற்றி வைத்தாள்.

"பாத்தியாம்மா, எடுத்தவங்களுக்குத்தான் வைக்கத் தெரியுது" என்றார் மலையாண்டி.

பிச்சையம்மாள் சிரித்தாள். எந்த நாளில் எது ஏறியது, எது இறங்கியது என்று கணினி தானாகவே எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"போகியன்னைக்குக் காலைல ஆறு நாப்பது. ஒம்பது நிமிசத்துல ஆறு ஐட்டம் போயிருக்கு. அன்னைக்கு இங்கிட்டு நான் வரவே இல்லையேண்ணே."

மலையாண்டியின் முகம் தொங்கிப்போயிற்று.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு, பழைய பாயெல்லாம் தூக்கிப் போட்டேன். அதே கையோட இதையும் சுத்தம் பண்ணுவோம்னு வந்தேன். ஒரே பேருல 2008, 2010, 2012ன்னு வரிசையா கெடந்துச்சு. போன வருசமே போயிருச்சு, இதெல்லாம் எதுக்குன்னு..."

"பழைய காலண்டர்னு நெனச்சுட்டீங்க."

"வெளிய சொல்லிறாதம்மா."

"நான் ஏண்ணே சொல்றேன்? நீங்கதான் சொல்லப் போறீங்க, அதே டீக்கடையில. இல்லேன்னா இப்ப ஏத்துனதை எல்லாம் உருவிட்டுப் போறேன். உருவுறவன்னுதான் பேரு வந்தாச்சுல்ல?"

தூக்குக்குப் போகிறவர் மாதிரி மலையாண்டி முன்னால் நடந்தார், பிச்சையம்மாள் பின்னால்.

"பிச்சையம்மா மேல தப்பில்லப்பா. போகிக்கு நாந்தான் கம்ப்யூட்டர்ல கெடந்த பழசையெல்லாம் கழிச்சுட்டேன்" என்றார் டீக்கடையில், பாய்லரைப் பார்த்தபடி.

கடையே சிரிக்கும் என்று பயந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. உதயசூரியன் வடிகட்டியைக் கீழே வைத்தார்.

"யோவ், சிஸ்டத்தைச் சுத்தம் பண்ணிட்டேன், குதிரையா ஓடப்போவுதுன்னு போகியன்னைக்கு நீதானய்யா இங்க வந்து சொன்னே? நானும் போயி மக லேப்டாப்புல அதையேதான் பண்ணி வச்சேன்."

பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் தம்ளரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார்கள். அன்று வேகமாகத் தலையாட்டியவர்கள் அவர்கள்தான்.

பிச்சையம்மாள் பெஞ்சுப் பக்கம் வந்தாள்.

"எப்ப வந்து பாப்பீங்கம்மா?" என்று உதயசூரியன் இறங்கிய குரலில் கேட்டார்.

"மெக்கானிக் டீ குடிக்க வந்திருக்காருண்ணே" என்றாள் அவள், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இடம் விடச் சொல்லி உட்கார்ந்தபடி. "மொதல்ல அவரு குடிச்சு முடிக்கட்டும்."