சிவப்புப் புழுதி படிந்த குடுவை

அந்தத் தண்ணீர்க் குடுவை இப்போது என் சமையலறை மேடையில் இருக்கிறது. அலுமினியக் குடுவை, பச்சைக் கித்தான் உறை. உறையின் தையலுக்குள் இன்னமும் கொஞ்சம் சிவப்புப் புழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் துவைத்துப் போடேன் என்கிறார்கள். நான் துவைப்பதாக இல்லை.

அது அத்திம்பேருடையது. என் அக்காவின் கணவர். எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவில், லொங்குய்ய் நகரில் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை எனக்கு வேலை. அத்திம்பேர் பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். ஆபீசில் கோட்டும் டையும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எச்சில், பத்து, தீட்டு என்று ஆயிரம் ஆசாரம். டம்ளர் உதட்டில் படக்கூடாது, அண்ணாந்துதான் குடிக்கவேண்டும். ரத்தத்தைத் தொட்டுவிட்டு வருகிற நான் தலைக்குக் குளிக்காமல் சமையலறை வாசலைக்கூட மிதிக்கக்கூடாது. பனியில் விறைத்துப்போய் வருவேன், காபி வாசனை கூடத்திலேயே மூக்கைத் துளைக்கும், ஈரத்தலையோடு நடுங்கிய பிறகுதான் அது என் கைக்கு வரும். மனசுக்குள் அவரைத் திட்டாத நாளே கிடையாது. அதே மனிதர்தான் நான் முதன்முதலாக வந்து இறங்கிய அன்று, எனக்கென்று ஒரு கம்பளிக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நாலு மணி நேரம் நின்றவர். இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஜூன் மாதம் மூன்று பேருமாக அமெரிக்காவின் யூட்டா பக்கம் போனோம். ஆறு மாதப் பனியைப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அந்தச் சிவப்பு மலைகள் அப்படியொரு விருந்து. பாறையே வளைந்து வாசல் மாதிரி நிற்கும் ஓர் இடம் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. நடந்துதான் இறங்கவேண்டும். ஆளுக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று பாதைத் தொடக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். "மதுரை வெயிலைப் பாத்தவாளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று அத்திம்பேர் சிரித்தார். மூன்று பேருக்குமாக இரண்டு குடுவைதான் எடுத்துக்கொண்டோம்.

கீழே போய், வளைவின் நிழலில் உட்கார்ந்து, அக்கா கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை ஆசையாகச் சாப்பிட்டோம். கையால்தான். ஸ்பூன் என்றால் அத்திம்பேருக்கு ஆகாது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு குடுவையைத் திறந்தார். அக்காவுக்கு, எனக்கு, தனக்கு என்று முழங்கை வரை தாராளமாக ஊற்றிக் கை அலம்பவைத்தார். வாய் கொப்பளித்தோம். பாத்திரத்தையும் அலம்பினார். மண் அத்தனையையும் உடனே குடித்துவிட்டது. எங்கள் மூவரில் ஒருவருக்காவது அது தப்பாகப் படவேண்டுமே! சாப்பிட்டால் கை அலம்பவேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

ஏறும்போதுதான் வெயில் தன் வேலையைக் காட்டியது. பாதி வழியில் அக்காவுக்குத் தலை சுற்றி, வார்த்தை குழறியது. ஒரு பாறை ஓரத்து நிழலில் உட்காரவைத்தோம். அண்ணாந்து குடித்த பழக்கத்தில் அத்திம்பேர் அவள் வாயில் உயரத்திலிருந்து ஊற்ற, இருந்த கொஞ்சத்தில் பாதி கழுத்தில் வழிந்தது. நான் குடுவையைப் பிடுங்கி அவள் உதட்டில் வைத்தேன். "வாய வச்சே குடி." அவள் குடித்தாள். மேலே போய் ஆள் கூட்டிவர வேண்டியவள் என்பதால் நானும் வாய் வைத்து இரண்டு மடக்குக் குடித்தேன். கடைசி மடக்கை அவரிடம் நீட்டினேன். அவர் உதடு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குடுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு வேண்டாம்" என்றார்.

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. குடுவையை அங்கேயே வைத்துவிட்டு, இந்த இடத்தில்கூட என் எச்சில்தான் பெரிதா என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். வனக்காவலர்களோடு திரும்பி வந்தபோது, சட்டையைக் கழற்றி அக்காவுக்கு நிழலாகப் பிடித்தபடி வெறும் உடம்போடு வெயிலில் நின்றிருந்தார். தோளெல்லாம் கொப்புளம். அக்கா பிழைத்தாள். நான் அடுத்த மாதமே கோட்-டெ-நெய்ஜில் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அத்திம்பேர் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி வந்து காரில் வைத்தார். அதற்குப்பிறகு எத்தனையோ வருஷம் தீபாவளிக்குப் போவேன், காபி குடிப்பேன், வந்துவிடுவேன். இந்தக் கதையைச் சிநேகிதிகளிடம் நையாண்டியாகச் சொல்லிச் சிரிப்பேன்.

அக்கா போன பிறகு அவரும் படுத்தார். கடைசியில் நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். ஒரு நாள் பார்க்கப் போனபோது, வீட்டு நிலவறையில் அந்தக் குடுவை இருக்கிறது, கொண்டுவா என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்பின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உறையைத் தடவினார்.

"அன்னிக்கு நீ நெனச்சது எனக்குத் தெரியும்" என்றார். "அது இல்லம்மா. குடிக்கற தண்ணிய மண்ணுல கொட்டினவன் நான். அவ அங்க துவண்டு கெடக்கா. எந்த மூஞ்சிய வச்சிண்டு நான் குடிப்பேன்? அந்த ஒரு மடக்கையும் அவளுக்குத்தான் குடுத்தேன்."

இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். நான்தான் அன்றைக்கே கேட்டேனா? அந்தக் குடுவையிலேயே குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, பழைய வழக்கப்படி உயரத்திலிருந்து ஊற்றப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல நீ குடி" என்றார். "குடிச்சுட்டுக் குடு."

வாய் வைத்துக் குடித்தேன். அப்படியே அவர் உதட்டில் வைத்தேன். ஒரு சொட்டு வழியவில்லை.