மெத்தைக் கடை வாய்ஜாலம்

மெத்தைக் கடையில் அவருடைய சொந்தப் பேர் காணாமல் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. முதலாளியிலிருந்து வண்டி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவர் வாய்ஜாலம்தான். தலையணை உறை வாங்க வந்த மனிதரை இரட்டைக் கட்டில் மெத்தையோடு அனுப்பி வைப்பவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவரும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

அந்தப் பேரைக் கடைக்குக் கொண்டுவந்தது அவருடைய அக்கா. ஒருமுறை போர்வை வாங்க வந்தவள், எல்லோர் முன்னாலும் "டேய், வாய்ஜாலம்!" என்று கூப்பிட்டுவிட்டாள். கடைக்காரர்கள் விடுவார்களா, பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அக்காவுக்கு இதயத்தில் வால்வு பழுது. உடனே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் அக்கா. "மாமா, நீங்க சொன்னாதான் அம்மா கேப்பாங்க" என்று அக்கா மகள் போனில் அழுதாள். மனிதர் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஓடினார்.

வார்டில் கட்டில் ஓரம் உட்கார்ந்ததும் கை தானாக மெத்தையை அமுக்கிப் பார்த்தது. மட்டமான சரக்கு. தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உனக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு, தெரியுமா?"

"நான் நல்லா பேசுறேன்னு நீதானேக்கா வெச்ச?"

"அம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப, 'ஒண்ணும் ஆகாதுக்கா, வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வா'ன்னு சொன்ன. அவ்வளவு அழகா சொன்ன. நம்பிப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஜாலம்னா வித்தைடா. இல்லாதத இருக்குற மாதிரி காட்டுறது. அன்னிக்கு வெச்ச பேரு அது."

அன்று அவர் பொய் சொல்லவில்லை. அம்மா பிழைத்துவிடுவாள் என்றுதான் நம்பினார். நம்பினாரா? இல்லை, அக்காவின் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டதா? எது முதலில் வந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"இப்ப சொல்லு. நான் பொழைப்பேனா?"

வாயில் பத்து பதில் தயாராக நின்றது. ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருக்கும். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"தெரியலக்கா" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "பேனாவைக் கொடு" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் நின்ற அக்கா மகள் நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் காதில் எதுவும் விழவில்லை. குரல் தானாக உடைந்ததா, தான்தான் உடைத்தோமா என்று அவருக்கே விளங்கவில்லை.