டிராகன் ஊரில் திறக்காத கதவு

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான் சேலைக் கட்டுகள் தூக்கிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒருவரோடு பழக்கம். சேலைக்கு டிசைன் போடுகிறவர். ஒல்லியான ஆள், காதிடுக்கில் எப்போதும் பென்சில். டிசைன் போடும் கட்டத்தாளிலேயே டிராகன்கள் ஆளும் ஒரு உலகத்தையும் வரைந்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேர் போனில் கூடுவார்கள். இவர் அந்த உலகத்தைச் சொல்லச் சொல்ல, அவர்கள் டிராகனை எதிர்க்கும் வீரர்களாகப் பேசி விளையாடுவார்கள். அங்கே குடியிருக்கும் சனங்களை மட்டும் அவர் கற்பனையாக எழுத மாட்டார். யாரிடமாவது கேட்டுத்தான் எழுதுவார்.

ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க அந்த டிராகன் ஊர்ல குடியிருக்கீங்கன்னு வைங்க. காயம்பட்ட வீரங்க நாலு பேரு உங்க கதவத் தட்டுதாங்க. டிராகன் மேல சுத்திக்கிட்டு இருக்கு. தெறப்பீங்களா?"

"மாட்டேன். தெருவையே எரிச்சிட்டுல்லா போகும்."

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்களுமா? தறி ஓட்டுத அத்தன பேருட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் தெறக்க மாட்டேங்காங்க."

"நீரே ஒரு நல்லவன எழுதிக்கிடும் வே."

"எழுதலாம். அப்புறம் அது ஊரு இல்ல, என் ஆசை."

அந்த ஞாயிறு எந்தக் கதவும் திறக்கவில்லை. நாலு வீரர்களும் தெருவிலேயே செத்தார்கள். இப்படி ஒரு உலகம் வேண்டாமென்று நண்பர்கள் விளையாட்டையே விட்டுவிட்டார்கள். மறுநாள் அவரே சொன்னார், கோபமில்லாமல்.

பிறகு நான் வேறு வேலை தேடி வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். சங்கரன்கோவிலுக்கு வருமுன் ஊர் ஊராக அலைந்த காலத்தில், காய்ச்சலோடும், போலீசுக்குப் பயந்தும் நான் தட்டிய கதவுகளில் மூன்று திறந்திருக்கின்றன. யாரென்றுகூடக் கேட்காமல் சோறு போட்டார்கள். டீக்கடையில் அவர் கேட்டபோது அதில் ஒன்றாவது எனக்கு ஞாபகம் வந்திருக்கலாம்; வரவில்லை.