ஸ்கிரீன்தான் சரியில்லை

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அக்கா இருந்தாள், லேப்டாப் அவளுடையது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா இருந்தார். கடைசியாக நான். எனக்கு ஒன்பது வயது. அடுத்த வீட்டு ஆடு ஒன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்திருந்தோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். அந்த மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போகாது. பழைய துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். தோணியில் போகிறவர்கள் வீட்டில் கிடப்பார்கள்.

அப்பா தோணித் தண்டல். தோணியை நடத்துகிறவர் தண்டல்தான். வெங்காயம், காய்கறி, கட்டட சாமான் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கு, மாலே போய் வருவார். மாமா அதே தோணியில் எஞ்சின் டிரைவர். மாமா கீழே எஞ்சினோடு, அப்பா மேலே சுக்கானோடு. பாறை எங்கே, ஆழம் எங்கே என்று பார்க்க வேண்டியது அப்பா. அவர் பார்த்துச் சொன்னால் தோணி போகும்.

அந்த வருஷம் அப்பாவுக்கு எல்லாமே மங்கலாக இருந்தது. பேப்பர்காரன் மையைக் குறைத்துவிட்டான். டீவி பழசாகிவிட்டது. கோயில் பாட்டுப் புத்தகத்தை மட்டமான தாளில் அடித்துவிட்டார்கள். கடைசி நடையில், மாலேக்குள் நுழைகிற வாசலில் தோணியின் அடி பாறையில் உரசியது. மிதவை விளக்கு மங்கல் என்று அப்பா சொன்னார். தோணி முதலாளி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கு அப்பாதான் தண்டல் என்றும் சொல்லவில்லை.

அந்த வாசலைப் பாடம் பண்ணிவிட்டால் போதும் என்று அப்பா நினைத்தார். மாமா எங்கிருந்தோ கடல் வரைபடம் வாங்கி வந்து அக்காவின் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். பக்கம் பக்கமாக இருக்கும். முதல் பக்கம் நம் ஊர். கடைசிப் பக்கம் மாலே. அப்பா தினமும் கடைசிப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தார். தினமும் ஒரே பேச்சு.

“தெளிவா இல்லயே. ஸ்கிரீன்தான் சரியில்ல.”

“பெருசாக்கட்டுமாப்பா?” என்பாள் அக்கா.

“எதுக்கு? எனக்கென்ன கண்ணா தெரியல?”

அக்கா பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் அவளுக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது. அதன் ஸ்கிரீனைக் கழற்றிவிட்டு, அதே அளவில் இன்னும் துல்லியமான ஸ்கிரீன் மாட்டலாம் என்று கண்டுபிடித்து வந்தாள். பழையதில் குறுக்கே ஆயிரத்து முன்னூற்று அறுபத்தாறு புள்ளி. புதியதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. புள்ளி கூடினால் தெளிவு கூடும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கும் அவ்வளவுதான். உடனே பணம் எடுத்துக் கொடுத்தார். ஸ்கிரீன் வந்தது. பழைய கேபிள் இதற்குச் சேராது என்று தனிக் கேபிளும் வந்தது.

மாமா திருப்புளியோடு வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்.

“மாமா, இது எஞ்சின் இல்ல. மெல்லமா” என்றாள் அக்கா.

“சுத்தியல வீட்டுலயே வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

பேட்டரியைக் கழற்றினார். ஆணிகளைக் கழற்றி, சோப்பு வைக்கிற சிப்பியைக் கழுவி அதில் போட்டார். ஓரச் சட்டத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினார். டக் டக் என்று விட்டது. ஒவ்வொரு டக்குக்கும் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். பழைய ஸ்கிரீன் வெளியே வந்தது. கேபிளை மாற்றி, புதிய ஸ்கிரீனை மாட்டி, மல்லாத்தி வைத்தார்.

அம்மா உள்ளே போய்த் தீர்த்தப் பாட்டிலை எடுத்து வந்தாள். எங்கள் பக்கம் புது வலை, புது எஞ்சின், புது பைக் எதுவானாலும் தீர்த்தம் தெளிக்காமல் தொடங்க மாட்டோம். அவள் பாட்டிலைச் சாய்த்தது யார் கண்ணிலும் படவில்லை. கடைசி நொடியில் மாமா இரண்டு கையையும் குடை மாதிரி விரித்தார். தீர்த்தம் அவர் கையில் விழுந்தது.

“ஏக்கா, கரண்டு சாமான்ல தண்ணி ஊத்துதியா?”

“ஊத்தலலே. தெளிக்கேன்.”

“மூடுன பெறவு தெளி.”

“மூடுன பெறவு ஆசீர்வாதம் உள்ள எப்படிலே போவும்?”

“சிக்னல் போற மாதிரி போவும்மா” என்றாள் அக்கா.

அப்பா சிரிக்கவில்லை. “சீக்கிரம் மாட்டுங்க” என்றார்.

மாட்டியாயிற்று. அம்மா மூடி மேல் மூன்று சொட்டுத் தெளித்து, முந்தானையால் உடனே துடைத்தாள். அக்கா பட்டனை அழுத்தினாள். படம் வந்தது. கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் எழுத்தெல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

“ஏளா, என்னது இது, எறும்பு ஊருது?” என்றாள் அம்மா.

“அதே இடத்துல புள்ளி கூடுனா எழுத்து சின்னதாத்தான் தெரியும்மா. வேணும்னா பெருசா வச்சுக்கலாம்.”

“துட்டக் குடுத்து சின்னதாக்கிட்டு, பெறவு பெருசாக்கணுமாக்கும்.”

அக்கா வரைபடத்தைத் திறந்து அப்பா பக்கம் திருப்பி வைத்தாள். அப்பா பக்கத்தில் குனிந்தார். பின்னால் சாய்ந்தார். மறுபடி குனிந்தார். நாங்கள் நாலு பேரும் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தோம்.

“இப்பதான் தெளிவா இருக்கு” என்றார்.

அக்கா முகம் மலர்ந்தது. மாமா சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். அப்பா விரலை ஸ்கிரீனில் வைத்தார்.

“இதுதான் மாலே வாசல். இங்கன பாறை. இத வலப்பக்கம் விட்டுட்டு உள்ள போவணும். இங்கன விமானம் எறங்குற தீவு. இங்கன நங்கூரம் போடணும்.”

ஒரு தடங்கல் இல்லை. விரல் நின்று நின்று போயிற்று. நான் அவர் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். எனக்கு எறும்பெல்லாம் எழுத்தாகத் தெரிந்தது.

“எப்பா, இது மாலே இல்ல. நம்ம ஊருல்லா. டூட்டிகோரின்னு போட்டிருக்கு பாருங்க.”

அக்கா திறந்து வைத்திருந்தது முதல் பக்கம்.

அப்பாவின் விரல் அங்கேயே நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் இங்கிலீஷ் வாசித்ததில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மாமா திருப்புளியை எடுத்துத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு அத்தான்” என்றார் மெல்ல.

“ம்” என்றார் அப்பா.

பிறகு என் தலையில் கையை வைத்தார். “எம் மவ கண்ணப் பாரு” என்றார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா மட்டும் தீர்த்தப் பாட்டிலை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

“நாளைக்குத் திருநெல்வேலி போவோமா?” என்று மாமா கேட்டார். “நானும் வாரேன்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையாலே?”

“இல்ல. எனக்கும் அங்கன ஒரு சோலி இருக்கு.”

மாமாவுக்கு அங்கே ஒரு சோலியும் கிடையாது. கண் ஆஸ்பத்திரியில் பார்த்ததில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன் பின் ஒன்றாக ஆபரேஷன் செய்தார்கள். பருவம் திறந்தபோது சுக்கான் அப்பா கையில்தான் இருந்தது. முதலாளி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் பல வருஷம் அப்பா மாலே போய் வந்தார். அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஊர்ப் பெயரை வாசித்துச் சொன்னதைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் வாசித்துச் சொல்லுவேன்.

ஆனால் அந்த ஞாயிறு மத்தியானம் ஒன்று நடந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்துவிட்டார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏளா, இங்கன வா. மாலேயத் திற.”

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

“பெருசாக்கு.”

அக்கா கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றவர். கூட்டல் குறியை அழுத்தினேன். எழுத்து வளர்ந்தது.

“இன்னும்.”

அழுத்தினேன்.

“இன்னும்.”

வாசல் ஸ்கிரீனை விட்டு வெளியே போய்விட்டது. பாறை மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் ஆழத்தின் எண் என் கைவிரல் தடிமனுக்கு வந்தது. அப்பா அதைப் பார்த்தார். வாய்க்குள் ஒரு தடவை சொன்னார். பிறகு சத்தமாகச் சொன்னார். சரியாகச் சொன்னார்.

“போதும். எவ்வளவு பெருசாக்கிருக்கோம்னு மேல ஒரு எண் காட்டும்லா? அத வாசி.”

“எதுக்குப்பா?”

“டாக்டர்ட்ட சொல்லணும்.”

லேப்டாப்புக்கு டாக்டர் எதற்கு என்று யோசித்தேன். கேட்கவில்லை. வாசித்தேன்.

நானூறு.